சரஸ்வதி பூஜையில் வைத்த சான்றிதழ்கள்

எங்கள் நாற்றுப் பண்ணையில் ஆளே நிற்காது. கொல்கத்தா பக்கம், சாந்த்ராகாச்சியைத் தாண்டிப் போனால் கொய்யா, மா, ரோஜா ஒட்டுச் செடிகள். கண்ணாடிக் குப்பியில் வாழைக்கன்று வளர்க்க ஒரு சோதனைக்கூடம். படித்த பிள்ளைகளை எடுத்து ஆறு மாதம் வேலை பழக்குவோம். துர்கா பூஜை விடுமுறைக்குப் போனவர்கள் போனவர்கள்தான். ஆட்களை எடுப்பதும் தக்கவைப்பதும் என் உத்தியோகம். அதனால் முதலாளி ஒவ்வொரு தடவையும் என் மூஞ்சியைப் பார்ப்பார், நானே மூட்டை கட்டி அனுப்பிவைத்த மாதிரி.

நான் என்னதான் செய்யவில்லை? மாதத்தின் சிறந்த ஊழியர் என்று போட்டோ மாட்டினேன். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினேன். கேக்கைத் தின்றுவிட்டு மறுநாள் ராஜினாமா கொடுத்தவனும் உண்டு. ஜூன் மாதம் பாலித்தீன் கூடாரத்துக்குள் ஒரு மணி நேரம் நின்றால் சட்டையைப் பிழியலாம். ஒரு ஃபேன் போடுங்கள், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே விடுங்கள் என்று முதலாளியிடம் சொல்ல எனக்குத் துப்பில்லை. கேக் வெட்டத்தான் துப்பு இருந்தது.

அப்புறம்தான் அந்த அபார யோசனை. இங்கே சரஸ்வதி பூஜை தை, மாசியில் வரும். எங்கள் வீட்டில் நவராத்திரியின்போது அப்பா தன் பட்டச் சான்றிதழையும் புத்தகங்களோடு பூஜையில் வைப்பார் என்று முதலாளியிடம் பெருமையடித்தேன். வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நல்லாயிருக்கே, இங்கேயும் வைப்போம்" என்றார். எல்லோரையும் அசல் சான்றிதழைக் கொண்டுவரச் சொன்னேன். முதலில் என்னுடையதை வைத்தேன். முன்மாதிரி வேண்டாமா! கிச்சுரி என்கிற பூஜைக் கிச்சடியும் கத்திரிக்காய் வறுவலும் சாப்பிட்டுக் கை கழுவியதும் முதலாளி, "இதெல்லாம் ஆபீஸ் அலமாரியிலேயே பத்திரமா இருக்கட்டும்" என்றார். அம்மன் காலடியில் வைத்ததை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போக யாருக்கு மனசு வரும்? சாவியை என்னிடம் கொடுத்தார்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி தோசைத் திருப்பியோடு திரும்பினாள்.

"உங்களோடதுமா உள்ளே இருக்கு?"

"நான் வைக்காம எப்படி?"

"சமர்த்துதான் போங்க. ஊரைக் கட்டிப்போடக் கயிறு திரிச்சு, முதல் முடிச்சை உங்க கால்லயே போட்டுக்கிட்டீங்க."

"எனக்கென்னடி, நான் எங்கே போயிடப் போறேன்?" என்று சிரித்தேன்.

அதற்கப்புறம் ஆள் நின்றது. முதலாளி என் முதுகில் தட்டினார். விலகுகிறேன் என்று வருகிறவர்களிடம், இன்னொரு ஆள் வரட்டும், சான்றிதழை அப்புறம் தருகிறோம் என்று சொல்வது என் வேலை. சொல்லிச் சொல்லி நாக்கு மரத்துப்போயிற்று. டீ நேரத்தில் நான் போய் உட்கார்ந்தால் ஒவ்வொருவராக எழுந்து போவார்கள். தயிர்சாதத்தைத் தனியாகத்தான் சாப்பிட்டேன்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை சோதனைக்கூடத்துப் பெண் ஒருத்தி வந்தாள். நாலு வருஷமாகக் குப்பிகளோடு மல்லுக்கட்டுகிறவள். என்னைக் காக்கு என்பாள், நம் பக்கம் சித்தப்பா என்பதுபோல. அரசாங்கத் தோட்டக்கலைத் துறையில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை அசல் சான்றிதழைக் காட்டாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "சீசன் முடியட்டும்" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திரும்பி வந்து அதையே சொன்னேன். அவள் அழுதிருந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து அனுப்பியிருப்பேன். அழவில்லை.

"இந்த வருஷத்தோட எனக்கு வயசு வரம்பு முடியுது, காக்கு. இதை விட்டா இந்தக் குப்பிகள்தான்."

எழுந்துபோய் அலமாரியைத் திறந்தேன். அவளுடையதைத் தேடி எடுத்துக் கையில் திணித்தேன். சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டாள். சீ, பூட்டியவன் காலையா தொடுவது! அவமானமாக இருந்தது.

"உங்களோடதையும் எடுத்துக்கங்க காக்கு. இனிமே சாவி உங்ககிட்ட இருக்காது" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

எடுத்தேன். பழுப்பு உறை, மேலே காய்ந்த குங்குமம். ஐம்பத்து மூன்று வயசு. இதை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது? எந்த ஆபீசில் எனக்காக ஒரு திங்கட்கிழமை காத்திருக்கிறது? யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒரு இடம்கூடத் தோன்றவில்லை. உறையை இருந்த இடத்திலேயே வைத்துப் பூட்டினேன்.

திங்கட்கிழமை முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். துரத்திவிடுவாரோ என்று பயம். துரத்திவிட்டால் தேவலை என்றும் ஒரு ஆசை. அவர் அலமாரியைத் திறந்து பார்த்தார். என் உறையை எடுத்து, திருப்பிப் பார்த்து, உள்ளே வைத்துவிட்டுச் சிரித்தார்.

சாவியை என்னிடமே நீட்டினார். "நீங்களே வெச்சுக்கங்க. நீங்க எங்கே போயிடப் போறீங்க?"