சும்மா அண்ணன்

பேக்கரிக் கணினியின் முதுகில் படிந்திருந்த மாவைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே கேட்கிறார் அண்ணன்: "இதுல முன்னாடி சாப்ட்வேர் போட்டது யாருன்னு ஞாபகம் இருக்காம்மா?"

"நீங்கதானே போட்டீங்க? மறந்துபோச்சா?" என்கிறார் பேக்கரிக்காரம்மா.

"மறக்கலம்மா. அது திருட்டுப் பிரதி. ஒரிஜினல்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். மன்னிச்சுக்குங்க. இப்ப நல்லதா ஒண்ணு போட்டுத் தரேன்."

எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் பையைத் திறப்பார். கணினி பழுது பார்ப்பது அவர் தொழில். ஒரு காலத்தில் கடைத்தெரு முழுக்கப் பூட்டை உடைத்த சாப்ட்வேரைப் போட்டுக் கொடுத்த கைதான் அது. இப்போது அதே கை அதையெல்லாம் ஒவ்வொன்றாய்க் கழற்றிவிட்டு, எங்கெங்கோ இருக்கிற ஆயிரம் பேர் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் வைத்திருக்கிற சாப்ட்வேரைப் போடுகிறது. கடிதம் அடிக்கலாம், பில் போடலாம், படம் திருத்தலாம். தன் கைவேலைக்கு மட்டும் கூலி வாங்குவார். சாப்ட்வேருக்கு எவ்வளவு என்றால் "சும்மாதாங்க" என்பார். அப்படியே சும்மா அண்ணன் ஆகிவிட்டார். சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே கொஞ்சம் யோசித்தால்தான் வரும்.

சும்மா கொடுப்பது லேசான காரியம் இல்லை. காசு கேட்டால் நம்புகிற மனிதன் காசு வேண்டாம் என்றால் நம்பமாட்டான்.

"சும்மா குடுக்கறதுக்கு எதுக்குய்யா இப்படி வேர்த்து விறுவிறுத்து ஓடி வர்றே? தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. ஆனாலும் உள்ள என்ன வெச்சிருக்கே?" என்றார் இரும்புக்கடைக்காரர்.

"தாராளமாப் பாருங்க. இந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சும் பாக்கலாம், வயித்தைத் தொறந்தும் பாக்கலாம். அதுக்குத்தானே எழுதினவங்க தொறந்தே வெச்சிருக்காங்க. பிடிச்சிருந்தா இன்னும் நாலு பேருக்குக் குடுங்க. யாரும் கேக்கமாட்டாங்க."

இரும்புக்கடைக்காரர் நெடுநேரம் யோசித்தார். "சரி. சும்மாங்கறே. அதுல கொஞ்சம் கொறைச்சுக்கோ."

சாப்ட்வேர் ஏறும்போது திரையில் ஒரு நீலக்கோடு ஊர்ந்து வளரும். அது பாதியைத் தாண்டுகிற இடத்தில் அண்ணன் கண்ணை மூடிக்கொள்வார். உதடு மட்டும் அசையும். "ஆண்டவனே, கரண்ட் மட்டும் போயிடக் கூடாது." படைத்தவனிடம் பெரிதாக எதையும் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை.

கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. அதைக் கேட்கத் தனக்கு யோக்கியதை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

தெருக்கோடியில் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருக்கிறது. அதன் முதலாளியும் அண்ணனும் ஒரே தட்டில் தின்று, ஒரே சைக்கிளில் மாறி மாறி மிதித்து வளர்ந்தவர்கள். ஏழு வருடத்துக்கு முன் அண்ணன் அங்கே போட்டுக் கொடுத்த சாப்ட்வேரோடு ஏதோ கெட்டதும் கூடவே ஏறிவிட்டது. ஒருநாள் காலையில் பார்த்தால் ஒரு படமும் திறக்கவில்லை. ஊரார் கல்யாணங்கள், பிள்ளைகளின் முதல் பிறந்தநாள், போய்ச்சேர்ந்தவர்களின் கடைசிச் சிரிப்பு எல்லாம் போயிற்று. ஸ்டூடியோக்காரர் வீடு வீடாகப் போய்த் தலைகுனிந்து நின்றார். "எனக்குத் தெரியாதுடா மாப்ளே, ஒரிஜினல்னுதான் நெனைச்சேன்" என்றார் அண்ணன். அவ்வளவுதான். அன்றைக்கு நின்ற பேச்சு.

வீட்டுக்கு நேர்வழி இருக்க, அண்ணன் ஸ்டூடியோ வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போவார். கடைகளில் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி நாலு பேர் சிரித்தால், அந்தச் சிரிப்புக்குள் ஸ்டூடியோக்காரரின் வயிறு குலுங்குகிற சிரிப்பை அவர் காது தேடும். இருக்காது. வாரம் ஒருதரம் படியேறிப் பார்ப்பார். முன்மேசையில் ஸ்டூடியோக்காரரின் மனைவி இருப்பார்.

"அண்ணே, அவர் உள்ளதான் இருக்காரு. இல்லேன்னு சொல்லச் சொன்னாரு."

"சரிம்மா. நானும் வரலேன்னு சொல்லிடு."

போன வாரம் அந்த அம்மா அவரை அப்படி அனுப்பிவிடவில்லை.

"பேக்கரிக்காரம்மா சொன்னாங்க. கடை கடையாப் போய், பொய் சொன்னேன்னு மன்னிப்புக் கேக்கறீங்களாமே. இந்தக் கடை மட்டும் என்னண்ணே பாவம் பண்ணுச்சு?"

அண்ணன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் வாடிக்கைக்காரர்கள், சொல்ல முடிந்தது. இங்கே சிநேகிதன் தன்னை விவரம் தெரியாதவன் என்றாவது நினைத்துக்கொண்டிருப்பான். அந்த ஒட்டும் அறுந்துபோனால்? உள்ளறைத் திரைச்சீலைக்குப் பின்னால் பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் குரலை உயர்த்தினார்.

"மாப்ளே, தெரிஞ்சுதாண்டா போட்டேன். திருட்டுப் பிரதின்னு தெரியும். அதோட கெட்டதும் வரும்னுதான் தெரியாது. தெரியாதுன்னு சொன்னேனே, அது அதைவிடப் பெரிய பொய். உன் மூஞ்சியைப் பாத்து நெசத்தைச் சொல்லத் தெம்பில்லடா."

பிரிண்டர் ஓடி முடித்தது. உள்ளே நாற்காலி நகர்ந்தது.

"இதைச் சொல்ல ஏழு வருஷமாடா உனக்கு?"

ஸ்டூடியோக்காரரின் மனைவி திரைச்சீலையைத் தூக்கிப் பிடித்தார். அண்ணன் குனிந்து உள்ளே போனார். சட்டைப்பையிலிருந்து நல்ல சாப்ட்வேர் இருந்த பென்டிரைவை எடுத்து மேசையில் வைத்தார் அண்ணன். ஸ்டூடியோக்காரர் அதைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு தானே எடுத்துச் செருகினார். திரை கடவுச்சொல்லைக் கேட்டது. அவர் தட்டத் தொடங்கவும், அண்ணன் மரியாதைக்குச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஸ்டூடியோக்காரர் கீபோர்டிலிருந்து வலதுகையை எடுக்காமல், இடதுகையால் அண்ணனின் மோவாயைப் பிடித்து, அந்த முகத்தைத் திரையின் பக்கம் திருப்பிவிட்டு, மீதி எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தட்டினார்.