பதின்மூன்றாம் நாள் கொடுத்த கமரா

திரும்பிப் பார்க்காமல் நடந்தோம். பின்னால் நாய்கள் சங்கிலி இழுபடக் குரைத்துக்கொண்டிருந்தன. ஈரானியன் எனக்கு முன்னால் போனான். காலையில் அதே வழியால் வந்தபோது அவன் கழுத்தில் ஒரு கமரா தொங்கியது. இப்போது இல்லை. கோதுமை முளைக்கவைத்த தன் தகரத் தட்டையும் மறந்துவிட்டு வந்திருந்தான். அதை எடுத்துக்கொண்டு வந்தவன் நான்.

"அதைக் கீழே வை, தாதாஷ்" என்றான். அவர்கள் பாஷையில் தாதாஷ் என்றால் சகோதரன். "மற்றவன்ரை பயிரைத் தொடக் கூடாது. அவன்ரை வருசத்துக் கேடு உனக்கு வந்து சேரும்."

"எனக்கு இனி என்ன கேடு வரக் கிடக்கு?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. செம்மறிகளை ஏற்றி ஈரானுக்குக் கொண்டுபோகும் கப்பல் ஒன்றில் அவன் இரண்டாவது சமையற்காரன். நான் ஆட்டுப் புழுக்கையைச் சவளால் அள்ளிக் கடலில் கொட்டுகிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய், அங்கிருந்து கண்ட கப்பலில் எல்லாம் ஏறி இறங்கியவனுக்கு அது மோசமான வேலை இல்லை. இயந்திரம் பழுதாகிக் கப்பல் மெல்பேர்ணில் கட்டிக் கிடந்தது. திருத்தம் முடிந்து மறுநாள் விடியப் புறப்படுவதாக இருந்தது.

அன்று ஈரானியருடைய வருடப்பிறப்பின் பதின்மூன்றாம் நாள், விடுமுறையின் கடைசி நாள். அன்றைக்கு யாரும் வீட்டுக்குள் இருக்கக் கூடாதாம். பழைய கெடுதல் எல்லாம் அன்று வீட்டுக்குள் தங்குமாம். மனிதர் வெளியே போய்விட வேண்டுமாம். தட்டில் முளைக்கவைத்த கோதுமைப் பயிரை ஓடுகிற தண்ணீரில் விட வேண்டுமாம். கப்பல் குசினியில் ஒரு தகரத் தட்டில் அவன் அதை முளைக்கவைத்திருந்தான். ஊரையும் பார்க்கலாம், இதையும் முடிக்கலாம் என்று என்னைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டான். மனைவிக்குக் காட்டப் படம் பிடிக்க வேண்டும் என்று கப்டனிடம் கமரா இரவல் கேட்டான். அவர் தந்தார். தரும்போது, "இது திரும்பி வராவிட்டால் நீயும் வராதே" என்றார். அவர் பகிடி விடுகிற ஆள் இல்லை. முன்பொருமுறை ஒருவனை நடுவழித் துறைமுகத்தில் இறக்கிவிட்டு, அவனுடைய பையை மேலேயிருந்து எறிந்தவர். ஈரானியனின் மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். இந்தப் பயணம் முடிகிற இடம்தான் அவனுடைய வீடு.

பஸ் கடைசியாக நிற்கும் இடத்தில் இறங்கி, ட்ருகனினா பக்கமாக நடந்தோம். அந்தக் காலத்தில் அங்கே காய்ந்த புல்லையும் கறுத்த கல் வேலிகளையும் தவிர ஒன்றுமில்லை. வடக்கிலிருந்து அடித்த காற்று அடுப்பு வாயிலிருந்து வருவது போல இருந்தது. ஓடையைக் கண்டுபிடித்தோம், தண்ணீர் இல்லை. ஈரானியன் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வெடித்த சேற்றைப் பார்த்தபடி இருந்தான். காற்றில் ஒரு நாற்றம் வந்தது. ஆட்டுக் கப்பலில் வேலை செய்த நானே மூக்கைப் பொத்தினேன்.

அப்போதுதான் லொறி வந்து நின்றது. ஓட்டிவந்தவர் பெரிய உடம்புக்காரர். கன்னமெல்லாம் சிவந்து, கண்கள் மட்டும் வெளிறியிருந்தன.

"வெய்யிலிலை ஏன் காயிறியள், மேட்? வீட்டை வந்து சாப்பிடுங்கோ" என்றார். அந்த ஊரில் யாரைக் கண்டாலும் மேட்தான், கூட்டாளி என்று அர்த்தம்.

ஈரானியன் என்னைப் பார்த்தான். இன்றைக்கு வீட்டுக்குள் போகக் கூடாது. ஆனால் கூப்பிட்டவனின் சோற்றைத் தட்டுவது அதைவிடக் கூடாது. ஏறினோம். லொறியின் பின்தட்டில் ஒரு குதிரை படங்குக்கு அடியில் கிடந்தது. நான்கு கால்களும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

கிழட்டுக் குதிரைகளையும் செத்த மாடுகளையும் வாங்கி, நாய்த் தீனுக்கு வெட்டிக் கொடுப்பது அவருடைய தொழில். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில் ஒன்று, நாற்றம் அங்கிருந்துதான். பின்வாசலில் எங்கள் சப்பாத்துகளைக் கழற்றினோம். இருவருக்கும் அது பழக்கம். அங்கே ஏற்கனவே ஒரு சோடி ரப்பர் பூட்ஸ் நின்றது. அவருடைய கால் அதில் பாதிகூட நுழையாது.

"வேலைக்கு நிண்டவன்ரை" என்றார். "போயிட்டான்."

"பூட்ஸ் இல்லாமலோ?"

"அவசரமாப் போனான்" என்று சிரித்தார். அவருடைய மனைவி சிரிக்கவில்லை.

சாப்பாடு தாராளம்தான். ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, பழத்தில் செய்த ஏதோ இனிப்பு. அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டார். ஈரானியன் நெஞ்சில் கைவைத்து வேண்டாம் என்றான். நானும் வேண்டாம் என்றேன். எங்கள் வீடுகளிலும் அப்படித்தானே. மூன்றாம் தரம் கேட்கும்போதுதான் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டுவோம். அவர் இரண்டாம் தரம் கேட்கவேயில்லை. இறைச்சிச் சட்டியைக் கொண்டுபோய் நாய்களுக்குக் கொட்டினார். நாங்கள் அரை வயிற்றோடு யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும்.

சாப்பிட்டு முடிந்ததும் வீட்டுக்காரர் கமராவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல சாமான், மேட்."

"உங்களுக்கே" என்றான் ஈரானியன், தலையைச் சாய்த்து.

அவர்கள் ஊரில் ஒருவன் ஒரு பொருளை மெச்சினால் அதை அவனுக்கே தருவதாகச் சொல்ல வேண்டும். மெச்சினவன் இல்லை இல்லை என்று மறுக்க வேண்டும். கப்பலில் ஒருமுறை இவனுடைய சேர்ட்டை நன்றாயிருக்கிறது என்றேன். அந்த இடத்திலேயே கழற்றி நீட்டினான். நான் மறுத்தேன். அவன் திரும்பவும் போட்டுக்கொண்டான். அவ்வளவுதான் விஷயம்.

வீட்டுக்காரர் அவனை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். "உண்மையாவோ?"

"தயவுசெய்து" என்றான் ஈரானியன். அப்படித்தான் சொல்ல வேண்டும்.

அவர் கமராவைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவன் முதுகில் தட்டினார். ஈரானியனுடைய முகத்தில் இரத்தம் வற்றியது. ஆனாலும் சிரித்தான். கைகொடுத்து விடைபெறும்வரை சிரித்துக்கொண்டே இருந்தான். வாசலில் நான் சப்பாத்துக் கட்டும்போது அந்தப் பெண் மெதுவாக, "பொழுது படுறதுக்கு முதல் பெரிய றோட்டுக்குப் போயிடுங்கோ" என்றார்.

வெளிவாசல் படலையடியில் நான் நின்றேன். "நில்லு. போய்க் கேட்டு வாறன்."

"கேட்கக் கூடாது. குடுத்ததைத் திருப்பிக் கேட்டால் நான் மனிசனில்லை."

"நீ கேட்கேலை. நான்தானே கேட்கிறன்."

"நீ கேட்டாலும் அது நான்தான்."

"அப்ப கப்டனுக்கு என்ன சொல்லப் போறாய்? உன்ரை பிள்ளைக்கு என்ன சொல்லப் போறாய்?"

அவன் குந்தி இருந்து முகத்தை மூடிக்கொண்டான். நான் தட்டைக் கையில் பிடித்தபடியே திரும்பிப் போனேன்.

கதவைத் திறந்த பெண் எதுவும் கேட்காமல் உள்ளே பார்த்துக் கணவரைக் கூப்பிட்டார். கமரா இன்னும் அவர் கழுத்தில்தான். அதைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டேன்.

"நான் கேட்டனானோ?" என்றார். "அவனாத் தந்தான்."

"ஓம். அது அவன்ரை இல்லை. எங்கடை கப்டன்ரை. அதில்லாமல் அவனைக் கப்பலிலை ஏத்த மாட்டார்."

"கப்பல் எப்ப?"

"நாளைக்கு விடிய."

யோசித்தார். அவருடைய பார்வை என் கைகளுக்கும், பிறகு கால்களுக்கும் போனது. கப்பலை விட்டால் இந்த நாட்டில் எனக்கு ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"நாளைக்குக் காலமை எனக்கொரு ஆள் வேணும்" என்றார். "நீ நிண்டால் கமரா போகும்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"பாப்பம், மேட்."

எனக்கு ஒரு சவளும் இன்னொரு சவளும் ஒன்றுதான். என்னைத் தேடிக் கரையில் நிற்க ஒருவரும் இல்லை. சரி என்றேன். அவர் கமராவைக் கண்ணில் வைத்து, வாசலில் நின்ற என்னை ஒரு படம் எடுத்தார். பிறகு கழற்றித் தந்தார். படலைவரை என்னோடு வந்தார். வரும் வழியில் நாய்களின் சங்கிலியைக் கழற்றிவிட்டார்.

ஈரானியன் கமராவை வாங்கிக்கொண்டு, "வா" என்றான்.

"எனக்கு இங்கை வேலை கிடைச்சிருக்கு. நீ ஓடு, பஸ் போயிடும்."

அவன் அவரைப் பார்த்தான், நாய்களைப் பார்த்தான், கடைசியாக என் கையிலிருந்த தட்டைப் பார்த்தான். அதைக் கேட்டுக் கை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. அவனுக்கு அது வேண்டியதில்லை. கல் வேலி முடியும் இடம்வரை அவன் பின்பக்கமாகவே நடந்து போனான்.

காலையில் பின்வாசலில் என் சப்பாத்துகள் இல்லை. அந்த ரப்பர் பூட்ஸ்தான் நின்றது. போட்டுப் பார்த்தேன், அளவாக இருந்தது. கொட்டிலுக்குப் பக்கத்து அடைப்பில் ஒரு சாம்பல் நிறக் கிழட்டுக் குதிரை நின்றது. ஓடுகிற தண்ணீருக்கு எங்கே போவது? பயிரைத் தட்டோடு அதன் வாயடியில் பிடித்தேன். வேர்வரை மெதுவாகத் தின்றது. வீட்டுக்காரர் துவக்கோடு வந்து, குதிரையின் கயிற்றை என் கையில் தந்து, தலை ஆடாமல் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். இறுக்கிப் பிடித்தேன்.