மெஷினுக்குச் சும்மாடு

புதுக்கடைச் சந்தையில் மரச்சீனிக்கிழங்கு விற்கும் ஜெயபாய்க்குச் சின்ன வயதிலிருந்தே காதில் சீழ் வரும். காதுக்குள் மாட்டுகிற மெஷின் போட்டுப் பார்த்தாள்; மெஷினும் நனைந்து கெட்டது, காதும் வீங்கியது. கடைசியில் மார்த்தாண்டத்துக் காது மெஷின் கடையில் எலும்பு வழியாகக் கேட்கிற ஒன்றைக் கொடுத்தார்கள். தலையைக் கவ்விப் பிடிக்க ஒரு கம்பி வளையம், நுனியில் பொத்தான் மாதிரி ஒரு சாமான். சத்தம் வந்தால் அது அதிரும். அந்த அதிர்வு மண்டை எலும்பு வழியே உள்ளே போகும். காதுத் துவாரத்துக்கு அதில் சோலியே இல்லை.

மகள் அஜிஷாவுக்குக் கல்யாணம் உறுதியாகியிருந்தது. மூன்று ஞாயிறு சர்ச்சில் ஓலை வாசிப்பார்கள்: இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று. அதைக் கேட்டே தீர வேண்டும் என்று ஜெயபாய் பிடிவாதமாக இருந்தாள்.

முதல் ஞாயிறு கெட்டதற்கு அவளேதான் காரணம். பொத்தான் அழுத்தி அழுத்தி வலித்தது. துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்துக் கிழங்குக் கடவப்பெட்டியைச் சுமக்கிற தலை அல்லவா? கைக்குட்டையை மடக்கி, கொண்டைக்குக் கீழே முடிமேல் வைத்து, அதன்மேல் பொத்தானை அமர்த்தினாள். மேலே முக்காடு. வலி போயிற்று, சத்தமும் போயிற்று. சேலை உரசும் கரகரப்புதான் கேட்டது. என்னவென்று கையை வைத்து அமுக்கவும், மெஷின் கீ என்று அலறியது. பெஞ்சே திரும்பிப் பார்த்தது. கழற்றி மடியில் போட்டாள். ஓலை போய்விட்டது.

"ஏட்டி, சர்ச்சில குக்கர் வச்சது நீதானா?" என்று வீட்டில் புருஷன் எபிசன் அவள் முகத்துக்கு நேரே வந்து கத்தினான்.

"சிரியும், நல்லா சிரியும். அடுத்த ஓலைய கேப்பேன்."

அடுத்த ஞாயிறு, முடி இல்லாத இடமாகப் பார்த்து நெற்றியில் வைத்தாள். கிணற்றுக்குள் யாரோ பேசுவது மாதிரி இருந்தது. ஆமென் மட்டும் பிடிபட்டது.

திங்கட்கிழமையே மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறினாள். மெஷினை மேசைமேல் வைத்து, "கேடான சாமானத்த தந்துட்டிய பிள்ள" என்றாள். அங்கே வேலை பார்க்கும் சபிதா கதையைக் கேட்டுச் சிரித்தாள். ஜெயபாயின் காதுக்குப் பின்னால் தடவி, புடைத்த எலும்பைக் கண்டுபிடித்து, முடியை ஒதுக்கி, பொத்தானை அதன்மேல் பதித்தாள்.

"அக்கா, சும்மாடு எதுக்கு வைக்கிய? பாரம் தலையில இறங்கப்பிடாதுன்னுதானே? இதுக்க பாரம் எலும்பில இறங்கணும். நடுவில முடி, துணி ஒண்ணும் வேண்டாம். காது மடலிலயும் முட்டப்பிடாது. நெத்தியில வச்சா சத்தம் குறையும்."

அவள் சொன்னது அத்தனையும் கேட்டது.

"வலிக்குமே, மக்கா."

"பழகும். தோலு சிவந்தா கொஞ்சம் கழத்தி வையுங்க. ரொம்ப வலிச்சா இஞ்ச வாங்க, கம்பிய இளக்கித் தாரேன்."

அந்த வாரம் முழுக்க அதைப் போட்டுக்கொண்டே கிழங்கு விற்றாள். பக்கத்தில் மீன் விற்கும் லீமா, "ஜெயபாய்க்க தலையில ரேடியோ ஸ்டேசன் தொறந்தாச்சு" என்றாள்.

"ஆமாட்டி. நேத்தைய மீன இன்னைக்குப் பிடிச்சதுன்னு நீ விக்குதது இனி எனக்குக் கேக்கும்."

மூன்றாம் ஞாயிறு, பொத்தான் வழுக்காமல் இருக்க எண்ணெய் தொடாமல் தலைவாரினாள். முக்காட்டைக் காதுக்குப் பின்னால், மெஷினுக்கும் பின்னால் தள்ளி ஊசி குத்தினாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தது ராகேல் அக்கா. சபையில் முக்காடு சரிகிற பெண்ணைக் கண்டால் பொறுக்காதவள்.

"என்ன பிள்ள, பாதித் தலை வெளியில கிடக்கு?"

"இருக்கட்டும் அக்கா. மூடினா கேக்காது."

போதகர் காகிதத்தை எடுத்தார். அந்த நேரம் பார்த்து ராகேல் அக்காவின் கை முக்காட்டை முன்னால் இழுக்க வந்தது. கடவம் தூக்கிக் காய்த்த கையால் ஜெயபாய் அதைப் பாதியில் பிடித்துக்கொண்டாள்.

"...எபிசன், ஜெயபாய் தம்பதியரின் மகள் அஜிஷாவுக்கும்..."

காதுக்குப் பின்னால் எலும்பு அதிர்ந்தது. ஜெயபாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. பிடியை விடவில்லை.

"கைய விடு பிள்ள, வலிக்கு" என்று ராகேல் அக்கா முணுமுணுத்தாள்.

"பொறுங்க அக்கா. ஆட்சேபணை இன்னும் கேக்கல்ல."