சடையப்பன் நீக்கிய வரியும் அவரே போட்ட வரியும்

காப்பிப் பூ வாசனை என்றால் எனக்கு உடனே கம்ப்யூட்டர் யூபிஎஸ் கத்துகிற சத்தமும் சேர்ந்தே நினைவுக்கு வரும். கோடை மழை பெய்து எஸ்டேட் முழுக்க வெள்ளையாகப் பூத்திருக்கும். ஜன்னலைத் திறந்தால் வாசனை உள்ளே வரும், கூடவே கரண்ட் போகும். யூபிஎஸ் பீப் பீப் என்று கத்தும். அது அணைவதற்குள் எழுதியதைச் சேமிக்க நான் பதறுவேன்...

ரிட்டயர் ஆன புதிது. ஏற்காட்டிலிருந்து மலை கிராமங்களுக்குப் போகும் பஸ் நேரத்தைக் காட்ட மூன்று பேர் சேர்ந்து ஓர் ஆப் செய்துகொண்டிருந்தோம். ஆரம்பித்தவர் மல்லிகா டீச்சர், என் பள்ளியில் கம்ப்யூட்டர் எடுத்தவர். இன்னொருவர் சடையப்பன், தலைச்சோலைக்காரர், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது நான், கணக்கு வாத்தியார்.

அது ஓப்பன் சோர்ஸ். அதாவது ஆப்பின் கோட் எல்லோருக்கும் திறந்து கிடக்கும். யாரும் படிக்கலாம், திருத்தம் சொல்லலாம். எந்த வரியை யார் மாற்றினார் என்பது பெயரோடு பதிவாகும். ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. சேலம் பாதை என்னுடையது, தலைச்சோலைப் பாதை ரைட்டருடையது. மூவருக்கும் எதையும் மாற்றும் சாவி இருந்தது. இருந்தாலும் அடுத்தவர் பகுதியை அவரைக் கேட்காமல் தொடுவதில்லை.

ஸ்டாஃப் ரூம் பழக்கத்தை வைத்து இதைப் புரிந்துகொண்டேன். அடுத்த பீரியடுக்கு வகுப்பில் நுழைகிறோம். கரும்பலகையில் முன்பு வந்த ஆசிரியர் வரைந்த படம் இருக்கிறது. டஸ்டர் நம் கையில்தான் இருக்கிறது. என்றாலும் "அழிச்சுக்கலாமா டீச்சர்?" என்று ஒரு வார்த்தை கேட்போம் இல்லையா, அந்த மாதிரி.

சேர்வராயன் கோயில் திருவிழா நெருங்கிய சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நல்ல பனிமூட்டம், ஒரு அம்மா இரண்டு பிள்ளைகளோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க சார், தலைச்சோலை பஸ் வருதுன்னு இதுல காட்டுதுங்க. நொம்ப நேரமா ஸ்டாண்டுல நிக்கறோம். கேட்டா ஞாயித்துக்கெழம அந்த பஸ்ஸே கெடையாதுங்கறாங்க. நீங்கதான் இத செஞ்சீங்களாமே?"

அவர் நீட்டிய போனில் எங்கள் ஆப். பிள்ளைகள் குளிரில் ஒண்டிக்கொண்டு நின்றன. உள்ளே அழைத்து டீ கொடுத்து, தெரிந்த ஜீப்பில் ஏற்றி அனுப்பினேன்.

ஆப்பின் கோட் வரிகளைப் பார்த்தேன். ஞாயிறா என்று பார்க்கும் வரியே இல்லை. ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால் அது ரைட்டர் பகுதி. அவரோ மகளின் பிரசவத்துக்காக ஓசூர் போயிருந்தார். போன் எடுக்கவில்லை. மெசேஜ் போட்டேன், பதிலில்லை. அடுத்த ஞாயிறு வந்துகொண்டிருந்தது.

"சாவிதான் இருக்குதுங்களே சார், மாத்துங்க," என்றார் மல்லிகா டீச்சர்.

"அவரு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா? தலைச்சோலைக்கு வேற ஆளு ஏதுங்க?"

"கோவமெல்லாம் வராதுங்க சார்... வருமோ?"

எனக்கு அதுதான் பயம். ரிட்டயர் ஆன பிறகு கிடைத்த ஒரே நண்பர் அவர். கடைசியில் அந்த ஒரு வரியை மட்டும் சேர்த்தேன். பக்கத்தில் ஒழுங்கில்லாமல் கிடந்த நாலைந்து வரிகளைத் தொடவில்லை. கீழே குறிப்பு எழுதினேன்: 'அவசரத்துக்குச் செய்தது. வந்து பார்த்து, வேண்டாம் என்றால் நீக்கிவிடவும்.'

ரைட்டர் ஊர் திரும்பினார். திரும்பிய அன்றே என் வரியை நீக்கினார்.

கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் அதே வரி மறுபடியும் வந்தது. ஒரு புள்ளி மாறாமல், அவர் பெயரில்.

மறுநாளே பஸ் ஏறிப் போய் டீக்கடையில் அவரைப் பிடித்தேன்.

"நான் போட்டதுல தப்பு ஏதாச்சும் இருந்துச்சுங்களா ரைட்டரே?"

"தப்பெல்லாம் இல்லீங்க வாத்தியாரே. நொம்ப சரியா இருந்துச்சு."

"அப்பறம் எதுக்கு எடுத்தீங்க?"

"நீங்கதானுங்களே வேண்டாம்னா எடுக்கச் சொல்லி எழுதியிருந்தீங்க."

"அப்ப வேண்டாமா?"

"வேணுமே. அதான் போட்டுட்டனே." டீயை ஆற்றினார். "பேத்தி பொறந்திருக்குதுங்க. லட்டு எடுத்துக்கங்க."

லட்டோடு திரும்பினேன், ஒன்றும் புரியாமல். பையன் போடும் கணக்கில் விடையை நாம் எழுதிவிட்டால், அதை அழித்துவிட்டு அதே விடையை அவனே எழுதுவான், பார்த்திருக்கிறேன். ஆனால் இவர் பையனா? கோபமா, முறையா? அடுத்த வாரம் கண்டக்டரிடம் எனக்கு மிளகு கொடுத்தனுப்பினார். கோபம் என்றால் அனுப்புவாரா? கோபம் இல்லை என்றால், மிளகு எதற்கு?

இப்போது ரைட்டர் ஓசூரிலேயே மகளோடு இருக்கிறார். தலைச்சோலைப் பாதையை அங்கிருந்தே பார்த்துக்கொள்கிறார். எங்கெங்கோ இருந்து முகம் தெரியாதவர்கள் திருத்தம் அனுப்புகிறார்கள்; சிலரிடம் சாவியும் இருக்கிறது. நல்லவர்கள், வேகமானவர்கள். கேட்பதற்குத்தான் நேரமில்லை. நாங்கள் ஒரு வரிக்கு ஒரு வாரம் தவித்தோம்...

போன வாரம் சேலம் பாதையைத் திறந்தேன். கொண்டை ஊசி வளைவுகளுக்காக ஏறும் பஸ்ஸுக்குக் கூடுதல் நேரம் சேர்க்கும் வரியை யாரோ மாற்றியிருந்தார். 'சரிசெய்யப்பட்டது' என்று மட்டும் குறிப்பு. தாளில் போட்டுப் பார்த்தேன். அவர் செய்ததுதான் சரி. திரும்பவும் போட்டுப் பார்த்தேன். சரிதான்.

நீக்கினேன். அதே வரியை என் கையால் தட்டிச் சேர்த்தேன்.

ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த ஆளைத் தேடிப் போய் லட்டு கொடுக்கலாம் என்றால், எந்த ஊர் என்றே தெரியாது.

போன் அடித்தது. ஓசூர்.

"பாத்தனுங்க வாத்தியாரே. அவரு போட்டதுல தப்பு ஏதாச்சும் இருந்துச்சுங்களா?"

"இல்லீங்க ரைட்டரே. நொம்ப சரியா இருந்துச்சு."



"பேத்தி இஸ்கோலுக்குப் போறாளுங்க," என்றார்.