உப்பு மாவில் செய்த றோல்ஸ்

முதலில் கண்டது காலுறையின் தடத்தைத்தான். பாடசாலையால் வந்த சுஜி காலுறையைக் கழற்றிய பிறகும் அந்தக் கோடு பொழுதுபடும்வரை காலில் கிடந்தது. மறுநாள் காலை கண்கள் வீங்கியிருந்தன. என் மகளுக்கு அப்போது ஆறு வயது.

நெப்ரோட்டிக் சின்ட்ரோம் (சிறுநீரகம் உடம்புக்கு வேண்டிய புரதத்தைச் சிறுநீரோடு போகவிடும் நோய்) என்றார் டொக்டர். ஸ்டீரொயிட் மாத்திரை (கசிவை நிறுத்தும், பசியைத் தூண்டும்) தந்தார். உப்பு கூடாது என்றார்.

மாத்திரையால் வந்த பசி பொல்லாத பசி. உப்பில்லாத சோற்றைக் கண்டால் அழுவாள். அவளின் அப்பா யாழ்ப்பாணத்தில், சண்டையால் பாதை பூட்டியிருந்தது. கொழும்பில், வெள்ளவத்தையில் எங்களுக்கு ஓர் அறைதான். பக்கத்துத் தெருவில் குண்டு வெடித்த பிறகு அவளை வெளியே விளையாட விடவும் பயம்.

அதனால் கட்டிலோரம் ஒரு சாப்பாட்டுக் கடை போட்டுக் கொடுத்தேன். பிஸ்கட் பெட்டிதான் அடுப்பு. பழைய சேலை திரை. கோதுமை மாவில் மஞ்சள் சேர்த்துப் பிசைந்து, விளையாட்டுக்கு றோல்ஸும் வடையும் உருட்டிக் காயவைத்து அடுக்கினேன்.

"அடையாள அட்டையைக் காட்டுங்கோ," என்பாள் கடை வாசலில். "பையையும் திறவுங்கோ."

"சாப்பிட வந்தனான், பிள்ளை."

"செக் பண்ணாமல் ஒருத்தரையும் விட ஏலாது. கெதியாக் காட்டுங்கோ, றோல்ஸ் ஆறுது."

அந்த நாட்களில் நாங்கள் சிரித்தது அந்தக் கடையில் மட்டும்தான்.

மூன்றாவது வாரம் அவளுக்கு வயிறு ஊதி மூச்சு வாங்கியது. வார்டில் சேர்த்தேன்.

"உப்பு ஏதும் குடுத்தனீங்களோ?" என்று டொக்டர் கேட்டார்.

"இல்லை, டொக்டர்."

அப்படியென்றால் மாத்திரை போதாது, கடுமையான மருந்து தொடங்க வேண்டும் என்றார். அந்த மருந்தால் முடி கொட்டுமாம், கிருமி இலகுவில் தொற்றுமாம்.

உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தேன். கடை அப்படியே இருந்தது. றோல்ஸ் ஒவ்வொன்றின் ஓரத்திலும் சின்னப் பல் அடையாளம். மாவு பழுதாகாமல் இருக்கவென்று அதில் கைநிறைய உப்புப் போட்டவள் நான்தான்.

டொக்டர்மாரோடு கதைக்க எனக்கு எப்போதும் கூச்சம். பிழையும் என்னுடையது. பேசாமல் விட்டுவிடலாமா என்றுகூட பஸ்ஸில் நினைத்தேன். சோதனைச் சாவடியில் சிப்பாய் நான் சுற்றி எடுத்து வந்த பொட்டலத்தைப் பிரித்து, கல்லாய்க் காய்ந்த றோல்ஸை முகர்ந்து பார்த்துத் திருப்பித் தந்தான். அதையே டொக்டரிடம் நீட்டி, உப்புப் போட்டதைச் சொன்னேன்.

"நல்ல காலம் சொன்னீங்கள்," என்றார். "புது மருந்தை இப்ப தொடங்க வேண்டாம். பொறுத்துப் பாப்பம்."

சுஜியிடம் ஏன் தின்றாய் என்று கேட்டேன்.

"கடைக்காரி ருசி பாக்கத்தானே வேணும், அம்மா."

பத்து நாளில் உடம்பில் கட்டியிருந்த நீர் வற்றியது. நோய் முற்றாகப் போகவில்லை. போவதும் வருவதுமாக இருக்கிறது. இதை வாசிக்கும் தாய்மாருக்கு ஒன்று சொல்வேன். டொக்டர் கேட்கும்போது சமையலறையை மட்டும் நினைக்காதீர்கள். வீடு முழுவதையும் நினையுங்கள்.

நான் அவிழ்த்த கடைத் திரையைத் திரும்பக் கட்டச் சொல்லி அவள் கேட்கவில்லை.

தினமும் காலையில், வீக்கம் இருக்கிறதா என்று அவளுடைய காலில் பெருவிரலை அழுத்திப் பார்க்கிறேன். குழி விழாவிட்டால் பாடசாலைக்கு அனுப்புவேன். விழுந்தால், அது நிரம்பும்வரை இருவரும் பார்த்திருப்போம். கலண்டரில் திகதி கிழிக்காமல் கிடக்கிறது. எனக்குத் தெரிந்தது குழி விழுந்த நாளும் விழாத நாளும்தான்.