செக்கரம்மாவின் மறுதரப்பு

வீட்டுக்காரர் தலை வலிக்கிறது என்று சொன்னால், "எந்தப் பக்கம்?" என்று கேட்பாள் செக்கரம்மா. கொஞ்ச நேரம் வேறு ஏதாவது பேசிவிட்டு மறுபடியும் அதையே கேட்பாள். இரண்டு தடவையும் ஒரே பக்கத்தைச் சொன்னால்தான் தைலம் வரும். அந்த மனிதரும் பாவம், தலை வலித்தால் எந்தப் பக்கம் என்று மனப்பாடம் செய்துகொண்டுதான் சமையலறைப் பக்கமே வருவார்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. வேலை அப்படி. நகரப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதிக்கும் செக்கர் வேலை. ஓடுகிற வண்டியில் ஏறி, டிக்கெட் எடுக்காதவர்களைப் பிடித்து அபராதம் போட வேண்டும். பிடிபட்டவர்கள் சும்மா இருப்பார்களா? காற்றில் பறந்துவிட்டது என்பார்கள், குழந்தை வாயில் போட்டுக்கொண்டது என்பார்கள். ஒருவன் தன் டிக்கெட்டை நண்பன் தவறுதலாக எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான் என்றான். நண்பன் பெயர் என்ன என்றதற்கு மேலே பார்த்தான். இப்படிக் காலையிலிருந்து மாலைவரை கதை கேட்டுக் கேட்டு, உலகத்தில் வாயைத் திறக்கிற எல்லோருமே ஏதோ ஒன்றை மறைக்கத்தான் திறக்கிறார்கள் என்ற முடிவுக்கு அவள் வந்து வெகுநாள் ஆகிவிட்டது.

இப்போது முழங்கால் தகராறு செய்கிறது. பேருந்துப் படியில் ஏறும்போது உள்ளே ஏதோ நறநறக்கிறது. டாக்டர் ஏறி இறங்குகிற வேலையை விடச் சொல்லிவிட்டார். (இரண்டாவதாக ஒரு டாக்டரிடம் போய் அதைச் சரிபார்த்துக்கொண்டாள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.) தலைமை அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் ஒரு நாற்காலி காலியாகிறது. அதில் உட்கார ஆங்கிலத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். முன்பே இரண்டு முறை எழுதித் தோற்றிருந்தாள். வயது வரம்பு நெருங்கிவிட்டதால் இதுதான் கடைசி. தோற்றால் கால் முழுசாக ஓய்கிற வரை படியேற வேண்டியதுதான்.

இலக்கணத்தில் அவளை யாரும் அசைக்க முடியாது. கவிழ்த்தது கட்டுரை. படிக்கிறவரைத் தன் கருத்துக்கு இணங்க வைக்கிற மாதிரி ஒரு கட்டுரை எழுத வேண்டும், பாதி மதிப்பெண் அதற்கே. ஆகவே மருந்துக்கடை மாடியில் நடந்த மாலை வகுப்பில் சேர்ந்தாள். வாத்தியார் இளவயதுக்காரர், பொறுமைசாலி. பேனாவைத் தொடுவதற்கு முன் திட்டம் போடச் சொன்னார். எந்தப் பக்கம் பேசப்போகிறோம், என்ன காரணங்கள், எதிர்ப்பக்கம் இருப்பவன் என்ன சொல்வான், அவன் சொல்வதில் எது நியாயம். அந்த நியாயத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு, பிறகு "ஆனால்" என்று நம் பேச்சைத் தொடங்க வேண்டும்.

செக்கரம்மாவுக்கு மூக்கில் வியர்த்தது. "எதுக்கு சார் ஒத்துக்கணும்? ஒத்துக்கிட்டா நாம தோத்த மாதிரிதானே?"

"இல்ல மேடம். மறுதரப்பையும் நீங்க யோசிச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சாத்தான் படிக்கிறவங்க உங்களை நம்புவாங்க."

"மறுதரப்பே பொய் சொல்ற கூட்டம் சார். அதைப் போய் உள்ள விடுவாங்களா?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அன்று எழுதிக் கொடுத்த கட்டுரையை வாத்தியார் இரண்டு முறை படித்துவிட்டு, "மேடம், நியாயமா எழுதியிருக்கீங்க. ஆனா இது கட்டுரை இல்ல, குற்றப்பத்திரிகை" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மெல்ல அவள் பக்கம் சாய்ந்தாள். "அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? முதல்ல மறுதரப்போட காரணங்களை எழுதிடுங்க. அப்புறம் நம்ம பக்கத்தை யோசிங்க. எனக்கு அப்படித்தான் வருது."

அந்தக் குரலைக் கேட்டதும் செக்கரம்மாவுக்குப் பொறி தட்டியது. பொய் சொன்ன குரலை மறக்கிற ஆளில்லை அவள். இந்தப் பெண் ஓர் ஆஸ்பத்திரி லாண்டரியில் துணி மடிக்கிறவள். இதே தேர்வில் தேறினால் அங்கேயே வார்டில் எழுத்தர் வேலை கிடைக்கும் என்று முதல் நாள் வாத்தியார் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அதற்கெல்லாம் முன்பு ஒரு காலை நேரத்தில் செக்கரம்மாவின் கையில் சிக்கியவள். டிக்கெட் இல்லை. "அம்மா ஆஸ்பத்திரியில சாகக் கிடக்கிறாங்க மேடம், அவசரத்துல எடுக்கல" என்றாள். அதற்கு செக்கரம்மா, வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி, "எல்லார் அம்மாவும் என் வண்டியிலதான் சாகக் கிடக்கிறாங்க!" என்றாள். பேருந்தே குலுங்கிச் சிரித்தது. டிப்போவில் வெகுநாள் ஓடிய நகைச்சுவை அது. யாராவது புதிதாக வேலைக்குச் சேர்ந்தால் இன்றும் அதைச் சொல்லச் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவள் இப்போது பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொல்கிறாள். அதுவும் சிரித்துக்கொண்டே! பழி வாங்க வந்திருக்கிறாள் என்பதில் செக்கரம்மாவுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. மறுதரப்பை முதலில் எழுதச் சொல்வது எதற்கு? நேரத்தைத் தின்ன வைக்கத்தான். மாதிரித் தேர்வு வந்தபோது அவள் சொன்னதற்கு நேர்மாறாக, திட்டம் எதுவும் போடாமல் மளமளவென்று எழுதித் தள்ளினாள். தோற்றாள். லாண்டரிப் பெண்ணுக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண்.

சந்தேகம் இன்னும் முற்றியது. பார்த்து எழுதியிருப்பாளோ? அடுத்த வகுப்பு முழுக்க அவள் கையையும் கைக்குட்டையையும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அதுவே பெரிய சந்தேகமாக இருந்தது. வகுப்பு விட்டதும் மாடிப்படியில் அவளை மறித்தாள்.

"என்னை உனக்கு அடையாளம் தெரியும்தானே?"

"முதல் நாளே தெரியும்."

"அப்போ எதுக்கு இந்த அக்கா, நொக்கா எல்லாம்? என்ன திட்டம் வெச்சிருக்கே?"

லாண்டரிப் பெண் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அன்னைக்கு நான் சொன்னது பொய்தான். எங்கம்மா எப்பவோ போய்ச் சேர்ந்துட்டாங்க. நீங்க ஃபைன் போட்டது சரி" என்றாள்.

செக்கரம்மா வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"ஆனா ஒண்ணு. பர்ஸை வீட்டுல வெச்சிட்டு வந்துட்டேன், அதான் நிஜம். அது ரொம்பச் சின்னதா இருந்துச்சு. உங்க முகத்தைப் பார்த்தா நம்பற மாதிரி தெரியல. அதான் பெரிசா ஒண்ணு சொன்னேன். ஃபைனைக் கட்டிட்டேன், அது முடிஞ்சுபோச்சு. அந்த வண்டியில என்கூட வேலை பார்க்கிறவங்க ரெண்டு பேர் இருந்தாங்க. இன்னைக்கும் நான் லேட்டா போனா, 'அம்மா எப்படி இருக்காங்க?'ன்னு கேட்டுச் சிரிக்கிறாங்க. அதுக்கு எந்த ரசீதும் இல்லக்கா." சொல்லிவிட்டு அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

அன்று பேருந்தில் திரும்பும்போது செக்கரம்மாவுக்கு ஆத்திரமாக வந்தது. பதில் சொல்ல முடியாமல் போனதே என்ற ஆத்திரம். பொய் என்று அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள், பிறகு எதைப் பிடித்து மடக்குவது? முதல் வாக்கியத்திலேயே கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டாளே! மிச்சம் அவள் சொன்னது அத்தனையும் நம்பும்படியாக இருந்தது. வாத்தியார் இத்தனை நாள் தொண்டை வறளச் சொன்னது இதைத்தானா என்று அப்போதுதான் உறைத்தது. என்றாலும், இதுவும் ஒரு நாடகமாக இருக்கலாம் என்று மனத்தின் ஓரத்தில் குறித்து வைத்துக்கொண்டாள்.

தேர்வு நாள். வினாத்தாளைப் புரட்டினாள். "சிறு விதிகளை மீறிப் பிடிபடுகிறவர்களின் பெயரையும் படத்தையும் பொது இடங்களில் ஒட்டவேண்டும். ஏற்றோ மறுத்தோ நகர நிர்வாகத்தை இணங்கச் செய்யும் கட்டுரை எழுதுக." தனக்கென்றே அளவெடுத்துத் தைத்த கேள்வி! ஒட்ட வேண்டும், பெரிசாக ஒட்ட வேண்டும் என்று கை துடித்தது. இருந்தாலும் கடைசித் தடவை ஆயிற்றே என்று, வேண்டா வெறுப்பாக மறுதரப்பை முதலில் எழுதினாள்.

அது நிற்காமல் வந்தது. அபராதத்துக்கு முடிவு உண்டு, அவமானத்துக்கு இல்லை. சின்ன உண்மையை நம்பாத இடத்தில் பெரிய பொய் பிறக்கும். சிரிப்பவர்களுக்கு விதி எதுவும் இல்லை. எல்லாமே மாடிப்படியில் கேட்டவை. தன் பக்கத்துக்கு வந்தபோது "பயம் வரும்" என்ற ஒன்றுக்குமேல் நகரவில்லை. அவளுக்கே பயமாகிவிட்டது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒட்ட வேண்டும் என்று தலைப்பில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ஒட்டக் கூடாது என்று எழுதினாள். "விதியை மீறியவர் தண்டனை பெற வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்" என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். ஒப்புக்கொள்வது அப்படியொன்றும் உயிர் போகிற காரியமாக இல்லை.

நடுவில் ஒருமுறை தலை நிமிர்ந்தபோது, பக்கத்து வரிசையில் லாண்டரிப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இவள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். செக்கரம்மா முழங்கையால் விடைத்தாளை மறைத்துக்கொண்டாள்.

முடிவு வந்தது. செக்கரம்மா தேறிவிட்டாள். பட்டியலில் எண் சரிதானா என்று அலுவலகத்துக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். லாண்டரிப் பெண் தேறவில்லை. அதை வாத்தியார்தான் போனில் சொன்னார். "ஆச்சரியமா இருக்கு மேடம். நம்ம வகுப்புலயே நல்லா எழுதறவங்க. தலைப்பைப் பார்த்ததும் கை ஓடலையாம். ஒரு வரிகூட எழுதாம தாளைக் கொடுத்திட்டு வந்துட்டாங்க. என்ன காரணம்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாங்க."

காரணம் செக்கரம்மாவுக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் வாயிலிருந்து வந்ததை எடுத்து இவள் நாற்காலி வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்குக் கை ஓடாமல் போனதற்கும் இவள்தான் காரணம். போதாக்குறைக்கு முழங்கையால் வேறு மறைத்திருக்கிறாள். அவமானம் என்றால் என்ன என்று அப்போது நன்றாகப் புரிந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். லாண்டரி கீழ்த்தளத்தில் இருந்தது. லிஃப்டில் துணி வண்டிகளை மட்டும்தான் ஏற்றுவார்களாம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். உள்ளே ஒரே ஆவி, கிருமிநாசினி வாடை. நீள மேஜையில் மூன்று பெண்கள் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தவள் தலை நிமிர்ந்தாள். முகம் இறுகியது.

"என்ன வேணும்?"

"அடுத்த தடவை நீ எழுதணும். நான் வந்து மறுதரப்பா உட்கார்றேன். நீ என்ன சொன்னாலும் நம்ப மாட்டேன். என்னையே நம்ப வெச்சிட்டா, தாள் திருத்தறவங்க எம்மாத்திரம்?"

"உங்களுக்கு இதுல என்ன லாபம்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமத்தான் அந்தக் காலை வெச்சுக்கிட்டு இத்தனை படி இறங்கினீங்களா? காது குத்தாதீங்க. யார் அனுப்பினாங்க?"

செக்கரம்மாவும் இதையேதான் கேட்டிருப்பாள். சொல்வதற்கு நல்ல நல்ல காரணங்கள் தோன்றின. படித்தவள் வீணாகக் கூடாது, வாத்தியார் வருத்தப்படுகிறார், பழகிய பழக்கம். சொல்லிப் பார்த்தால் எல்லாம் டிக்கெட் இல்லாதவர்கள் பேச்சு மாதிரியே இருக்கும். மற்ற இரண்டு பெண்களும் கைவேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினாள்.

"அன்னைக்கு உனக்கு ஃபைன் போட்டேன். அதோட நான் வாயை மூடியிருக்கணும். வண்டி முழுக்க உன்னைப் பார்த்துச் சிரிக்க வெச்சேன். அது தப்பு. டிப்போவுல அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். அதுவும் தப்பு."

லாண்டரிப் பெண் விரிப்பை மேஜைமேல் வைத்தாள். வகுப்பில் படித்தவளாயிற்றே, ஒப்புக்கொண்ட பிறகு அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். சந்தேகம் தீராமல் செக்கரம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"சரி. ஆனா?"

"ஆனா எல்லாம் இல்லம்மா" என்றாள் செக்கரம்மா. "அவ்வளவுதான்."