இரண்டு தராசுகள்

டயர் மாற்றுவதற்காக ஹட்டன் பஸ் நிற்கிறது. நான் மழைக்கு ஒதுங்கிய இடம் தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம். இன்று எடை பார்க்கும் நாள்.

முதுகுக் கூடையை இறக்காமலே ஒரு தாய் நான்கு வயது மகளைத் தராசில் நிறுத்துகிறாள்.

"போன மாச எடையேதான்" என்கிறார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண். தாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு.

"எடை கூடலைன்னா சந்தோஷமா?" என்று கேட்கிறேன்.

"மூத்தவன் நோஞ்சானுங்க. இவளாவது தேறட்டும்னு தினமும் இனிப்புச் சோடா வாங்கிக் குடுத்தேன். போத்தல்ல செவப்பு வட்டம் இருந்துச்சு, சத்து கூடனு நெனச்சிட்டேன். சீனி கூடனு அரசாங்கம் போடச் சொன்னதாம், இங்கதான் சொன்னாங்க. புள்ள ஊதிப்போயி, படியேறவே மூச்சு வாங்கிருச்சு. அப்புறம் எங்க லயத்து வரிசை வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் சேந்து கடைக்காரர்கிட்ட பேசினோம். இப்ப அங்க சோடா விக்கிறதில்லைங்க."

மகள் தானே இறங்கி வாசற்படிகளில் ஏறி இறங்கி விளையாடுகிறாள். கீழே மடுவக் கொட்டகையில் கொழுந்து நிறுக்கக் கூப்பிடுகிறார்கள். தாய் கூடையைச் சரிசெய்துகொண்டு மழையில் இறங்குகிறாள்.

"அந்தத் தராசுல மட்டும் கூடணுங்க."